சைனம்பு பிடித்த கை

காலை பஸ்ஸில் வந்திறங்கிய ஷஃபியுல்லா, செங்கல்பட்டில் தான் உதவியாளனாக வேலை பார்க்கும் பழைய ஆபரேஷன் தியேட்டருக்குள் போனதும் செய்முறை எழுதிவைத்த நோட்டைத் திறந்தான். மஞ்சள் சாயத்தை ஊசியில் ஏற்றி நோயாளியின் நரம்பில் செலுத்த வேண்டும். ஜன்னலில் கறுப்புத் துணி. ஊதா விளக்கு ஐந்து நிமிடம் சூடாக வேண்டும். சாயம் ரத்தத்தோடு ஓடும். ரத்தம் ஓடுகிற குடல் அந்த விளக்கில் பச்சை மஞ்சளாய் ஒளிரும். செத்த குடல் இருண்டு கிடக்கும்.

"இன்னா ஷஃபி, பரீட்சைக்குப் படிச்சிகினு கீறியா?" என்றாள் நர்ஸ் பிரபாவதி.

அவன் சிரிக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் இதே மேசையில் கோவளத்துச் சைனம்பு படுத்திருந்தாள். "இருட்டுன்னா எனக்கு ஆவாது தம்பி. கைய வுட்றாத," என்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மயங்கியதும் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தவன் அவன்தான்.

அன்று அவள் குடல் ஒளிர்ந்தது. டாக்டர் லோகநாயகி எதையும் வெட்டாமல் வயிற்றைத் தைத்தார். மூன்றாம் நாள் குடல் அழுகி அவள் இறந்தாள். எங்கே தவறினோம் என்று அவன் தினமும் நோட்டைப் புரட்டினான். எல்லாம் எழுதியபடியேதான் நடந்திருந்தது.

இன்று செய்யூர் சுப்பிரமணி. சாயம் ஏறியது. விளக்குகள் அணைந்தன. வெளியே பகல் பதினொரு மணி, உள்ளே கிணற்றிருட்டு. ஸ்பிரிட் வாடை. ஊதா விளக்கின் முனகல்.

ஒளிராமல் கிடந்த குடலை நகர்த்தக் கையை நீட்டினான்.

மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள்.

குளிர்ந்த விரல்கள். ஐந்து.

பிரபாவதி மேசைக்கு அந்தப்பக்கம் நின்றிருந்தாள். டாக்டரின் இரண்டு கைகளும் வயிற்றின்மேல் இருந்தன.

நகர மறுத்த தன் கையைப் பார்த்தான். கையுறையின் விரல்நுனிகள் பச்சை மஞ்சளாய் ஒளிர்ந்தன. ஊசியில் ஏற்றும்போது சிந்திய சாயம்.

சாயம் ஏற்றியபின் கையுறை மாற்ற வேண்டும் என்ற வரி அவன் நோட்டில் இல்லை.

"மேடம்," என்றான். "என் கையில சாயம் கீது. அன்னிக்கும் இருந்திருக்கும். அந்தம்மா குடல்ல தெரிஞ்சது ரத்தம் இல்ல. நான் தொட்ட எடம்."

டாக்டர் அவன் விரல்நுனிகளைக் குனிந்து பார்த்தார். பிறகு, "கையுறைய மாத்திட்டு வா," என்றார். இருண்ட துண்டை வெட்டியெடுத்தார். சுப்பிரமணி பிழைத்துக்கொண்டான்.

எல்லாரும் போனபின் ஷஃபி விடுபட்ட அந்த வரியை நோட்டில் எழுதினான். மணிக்கட்டில் ஐந்து விரல்களின் தடம். சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

ஊதா விளக்கையும் மற்ற விளக்குகளையும் அணைத்தான். கறுப்புத் துணிக்குள் இருள் மூடியது. தடம் மட்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

இந்த முறை அவன் அந்த விரல்களைப் பிரிக்கவில்லை.

பிடி மெல்ல இறுகியது.