ம் கொட்டியவள்

ஒரே நாளில் நான்கு பழைய ஊர்கள். முதல் ஊர்க் கோட்டைக்கு நாற்பது நிமிடம், இரண்டாவது ஊர்க் கல்பாலத்துக்கு இருபத்தைந்து நிமிடம் என்று கணவன் பட்டியல் போட்டு வைத்திருந்தான். மூன்றாவது ஊரில் ஒரு மாளிகை. அதன் வாசலில் காரை நிறுத்தும்போது நல்ல உச்சி வெயில். சீட்டு வாங்கியதும் அவன் வழக்கம்போல விறுவிறுவென்று முன்னால் நடந்தான். அவள் வயிறெரியப் பின்னால் போனாள்.

எரியாமல் என்ன செய்யும்? பன்னிரண்டு வருடமாக அவள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். தெருவில் எல்லோருக்கும் அவள் கண்ணாடிக்கார அக்கா. போன வாரம் ஒருவரின் கண்ணாடிக்குக் கால் மாட்டிக்கொண்டிருந்தாள். எள்ளளவு திருகாணி; கீழே விழுந்தால் தேடி மாளாது என்று உதட்டில் கவ்வியிருந்தாள். அந்த நேரம் பார்த்தா வங்கியில் வேலை பார்க்கிற இந்தப் புருஷன் உள்ளே வரவேண்டும்?

"எனக்கு மாற்றல் வந்தாச்சு. கடையைக் காலி பண்ணிடலாம்ல?"

வாயில் திருகாணி. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று "ம்" என்றாள். அவ்வளவுதான். மகராசன் நேரே கட்டட ஓனரிடம் போய்க் காலி செய்வதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டான். கேட்டால், "நீதானே ம்னு சொன்னே?"

முடியாது என்று மூன்று நாளாகத் தொண்டை கிழியக் கத்திவிட்டாள். "கோவம் ஆறட்டும், நீயே ம்னு சொல்லுவே பாரு" என்று சிரித்தான். அவளுக்கும் சம்மதம் என்று இன்று மாலைக்குள் ஓனருக்கு உறுதி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கடை அவளுக்கே. அதனால் காலையில் காரில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டாள். இன்றைக்கு இந்த ஆள் என்ன சொன்னாலும் ம் கொட்டுவதில்லை.

மாளிகைக்குள் வெயில் நுழையவே இல்லை. சுவர்கள் அத்தனை தடிமன். வெகுகாலம் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்த மாதிரி ஒரு வாடை. வேறு ஆள் யாருமில்லை. கூடத்தின் நடுவே கூரை வரைக்கும் ஒரு மரத்தடுப்பு, அதில் சின்னச் சின்னத் துளைகள்.

கணவன் கைப்பேசியைப் பார்த்துச் சத்தமாகப் படித்துச் சொன்னான், திரும்பாமலேயே. "இந்த வீட்டு முதலாளி சாப்பிடறப்போ அவர் சம்சாரம் இந்தத் தடுப்புக்குப் பின்னால நிக்கணுமாம். அவர் பேசப் பேச ம் கொட்டணுமாம். அந்தம்மா செத்து மூணு நாள் ஆகியும் அவருக்குத் தெரியவே இல்லையாம். தடுப்புக்குப் பின்னாலேர்ந்து ம் வந்துக்கிட்டே இருந்துச்சாம்! எப்படி?"

விழுந்து விழுந்து சிரித்தபடி அடுத்த அறைக்குப் போனான். சிரிக்கிற விஷயமா இது, கட்டையில போக, என்று அவள் பல்லைக் கடித்தாள். தடுப்புக்கு அருகே போனாள். வாய் இருக்கும் உயரத்தில் மட்டும் மரம் கறுத்திருந்தது. தொட்டுப் பார்த்தாள்.

ஈரம்.

வெதுவெதுப்பான ஈரம்.

அடுத்த அறையிலிருந்து கணவன் குரல் கேட்டது. "மாடிக்குப் போகலாமா?"

"ம்."

அவள் வாயைத் திறக்கவில்லை.

"படி செங்குத்தா இருக்கு. கையைப் பிடிச்சுக்கோ."

"ம்."

அவள் குரல்தான். அதே சலிப்பு, அதே இழுப்பு. கழுத்து மயிர் சிலிர்த்தது. ஆனால் பயத்துக்கு முன்னால் ஆத்திரம் முந்திக்கொண்டது. பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் குப்பை கொட்டியிருக்கிறோம், பெண்டாட்டி குரல் எது, பேயின் குரல் எது என்று இந்த மனுஷனுக்குத் தெரியாதா? ம் என்று ஒன்று காதில் விழுந்தால் போதும், அது யாருடையதாக இருந்தால் என்ன?

மாடியில் காலடிச் சத்தம். ஒருவருடையது மட்டும்.

"கோவம் போயிடுச்சு போல! அப்ப ஓனருக்கு இப்பவே சொல்லிடட்டுமா?"

"ம்."

"இல்ல! சொல்லாதீங்க!"

அவள் கத்தியது தடித்த சுவர்களுக்குள் அமுங்கிப் போயிற்று. இரண்டிரண்டு படியாக ஏறினாள். நடையின் கடைசியில் கணவன் முதுகைக் காட்டி நின்றிருந்தான். ஒரு கையில் கைப்பேசி. இன்னொரு கை பின்னால் நீண்டிருந்தது. அதன் விரல்கள் எதையோ பற்றி மூடியிருந்தன, உள்ளே ஒரு சின்னக் கை இருக்கும் அளவுக்கு இடம் விட்டு.

அவன் பின்னால் யாருமில்லை.

ஓடிப்போய் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். ஓனர் இன்னும் லைனில் இருந்த கைப்பேசியைப் பிடுங்கினாள்.

"ஏன் பறிக்கிறே? இவ்வளவு நேரம் கையைப் பிடிச்சுக்கிட்டுதானே வந்தே?" என்றான் கணவன்.

அவனை அவள் சட்டை செய்யவில்லை. "சார், கண்ணாடிக் கடையிலேர்ந்து பேசறேன். நான் காலி பண்ணல."

"என்னம்மா விளையாடறீங்களா? இப்பதானே உங்க வீட்டுக்காரர் போனைக் கொடுத்தாரு, நீங்களே ம்னு சொன்னீங்க?" என்றார் ஓனர்.

அவள் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை. "அது நான் இல்ல சார். எனக்கு வாய் இருக்கு, நானே பேசுவேன். கடை என்னோடது, நான் விடமாட்டேன். இனிமே வேற யார் ம்னு சொன்னாலும் எடுத்துக்காதீங்க."

ஓனர் இறங்கி வந்தார். "சரிம்மா. கடை உங்களுக்குத்தான்."

கணவன் பதிலுக்குச் சீறப் போனான். அதற்குள் தன் கை கண்ணில் பட்டது. நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறினது மாதிரி உள்ளங்கை வெளுத்துச் சுருங்கியிருந்தது. அதை வேட்டி விலகினவன் மாதிரி அவசரமாக மறைத்துக்கொண்டான்.

கார் சாவியை அவள் வாங்கிக்கொண்டாள். "நாலாவது ஊரும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஏறுங்க."

வண்டியைக் கிளப்பியதும் ணிங், ணிங் என்று மணி அடித்தது. பின்சீட்டில் யாரோ பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது.

"பையா?" என்று கிசுகிசுத்தான் கணவன்.

"பை டிக்கியில இருக்கு."

ணிங், ணிங்.

டக்.

பெல்ட் மாட்டும் சத்தம். மணி நின்றது. விளக்கு அணைந்தது.

அவள் கண்ணாடியில் பார்த்தாள். சீட் காலி. அதன் குறுக்கே பெல்ட் மட்டும் முன்னால் புடைத்து, இறுக்கமாக நின்றிருந்தது. அப்போதும் நெஞ்சுக்குள் கொதித்தது அடங்கவில்லை.

"வர்றதுன்னா வா," என்றாள் கண்ணாடியைப் பார்த்து. "ஆனா இந்த ஆள் கேக்கறதுக்கெல்லாம் இனிமே என் குரல்ல நீ பதில் சொல்லக்கூடாது. புரிஞ்சுதா?"

கணவன் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான்.

பின்னாலிருந்து, அவள் குரலிலேயே பதில் வந்தது.

"ம்."