பழைய அலைவரிசையில் மூச்சு

நேயர் ஒருவரின் மின்னஞ்சல்தான் முதலில் வந்தது. "உங்கள் பழைய அலைவரிசை மூன்று நாளாக மிகத் தெளிவாகக் கேட்கிறது. நிகழ்ச்சி எதுவும் இல்லை. யாரோ மூச்சு விடுகிறார்கள். நான் கேட்டதை உறுதிசெய்து, வழக்கம்போல் நேயர் அட்டை அனுப்பவும்."

தலைமை டெக்னீஷியன் அதை இரண்டு முறை படித்தார். சிற்றலை வானொலி நிலையத்தின் பழைய டிரான்ஸ்மிட்டரை நிறுத்திச் சரியாக மூன்று நாள். மின்சாரக் கேபிளைத் துண்டித்தவர் அவரே. அதன் ஆன்டெனாக் கோபுரங்கள் துண்டு துண்டாக வெளியே புல்லில் கிடந்தன.

புது டிரான்ஸ்மிட்டரின் தொடக்க விழாவில் இயக்குநர் தகவல் புரட்சி பற்றி நாற்பது நிமிடம் முழங்கி, கடைசியில் டிரான்ஸ்மிட்டர் பொத்தானுக்குப் பதில் ஏசி பொத்தானை அழுத்திவிட்டுக் கைதட்டல் வாங்கினார். அதை மன்னிக்கலாம். ஆனால் புதியதற்குப் பொறுப்பாளர் என்று அவர் அறிவித்தது டெக்னீஷியனின் மச்சினனை. இவர் கையைக் காலைப் பிடித்து வேலையில் சேர்த்துவிட்ட அதே மச்சினனை.

"அவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். உங்களுக்குத்தான் உங்க மூத்த சம்சாரம் இருக்காளே" என்று மனைவி சமாதானம் சொன்னாள். இருபத்தேழு வருடமாகப் பழைய டிரான்ஸ்மிட்டருக்கு வீட்டில் அதுதான் பெயர்.

மதியம், இரண்டு ஒலிபரப்புகளுக்கு நடுவே ஓய்ந்து கிடந்த ஹாலில், புதியது பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருக்க, பழையதன் சாம்பல்நிற இரும்புக் கதவுகளிலிருந்து சூடான தூசியும் எண்ணெயும் கலந்த அந்தப் பழகிய வாசனை, இருக்கவே கூடாத வாசனை, மெல்லக் கசிந்து அவர் மூக்கைத் தேடி வந்தது.

மச்சினன் ஸ்க்ரூடிரைவரோடு வந்தான். "அத்தான், டைரக்டருக்கு இதோட பெரிய வால்வு, அந்தக் குண்டு பல்பு மாதிரி இருக்குமே, அது வேணுமாம். கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறாராம்."

"அவரே ஏறி உக்காந்துக்கலாமே."

அறை அளவுள்ள பழையதற்குள் போகிறவர் முன்பக்கக் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து சாவியை உருவி, அதே சாவியால் பின்கதவைத் திறந்து, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நுழைய வேண்டும். பலகையில் சாவி இல்லையென்றால் யாராலும் மின்சாரம் ஏற்ற முடியாது. உள்ளே இருப்பவர் உயிர் அவர் பையிலேயே. இந்த விதியை எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தவர் டெக்னீஷியன். முன்பு ஒருமுறை சாவி தொலைந்து மெமோ வாங்கியதிலிருந்து, யாருக்கும் தெரியாமல் மாற்றுச் சாவி வைத்திருந்தவரும் அவர்தான்.

"கரன்ட்டே இல்ல. ஆனாலும் உங்க ரூலாச்சே!" மச்சினன் பையைத் தட்டிக் காட்டிவிட்டு நுழைந்தான். சற்று நேரத்தில் உள்ளிருந்து குரல்: "அத்தான், இது சூடா இருக்கு. உடம்பு மாதிரி."

அவர் வயிறு எரிந்தது. அந்தச் செம்புச் சுருள்களை அவர் தவிர எவனும் தொட்டதில்லை.

ஒரு பயம் காட்டினால் போதும். மாற்றுச் சாவியைப் பலகையில் நுழைத்தார். முதல் சுற்று வால்வுகளைச் சூடாக்கும். இரண்டாவதுதான் ஆளைக் கொல்லும் உயர் அழுத்த மின்சாரம். கேபிள்தான் இல்லையே என்று முதல் சுற்று மட்டும் திருப்பினார். 'டக்' என்ற சத்தத்துக்கே பயல் அலறுவான்.

டக்.

அலறல் இல்லை.

மீட்டர் முள் எழுந்தது.

சாவியைப் பழையபடி திருப்பப் பார்த்தார். அசையவில்லை. ஹாலெங்கும் ரீங்காரம். "டேய், வெளிய வா!"

பின்பக்கம் ஓடினார். கதவு திறந்திருந்தது. உள்ளே ஆள் இல்லை. தரையில் ஸ்க்ரூடிரைவர். பக்கத்தில் சாவி.

சுவரில் இருந்த பழைய ஸ்பீக்கர் தானாக உயிர்பெற்றது. மூச்சு. ஒன்றல்ல, இரண்டு. பக்கத்தில் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவர்களைப் போல, ஒரே சீராக.

மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை.

இருபத்தேழு வருஷம். நான். கடைசியில் சேர்த்துக்கொண்டது அவனையா?

உள்ளே நுழைந்தார். வெதுவெதுப்பாக இருந்தது. குனிந்து தரையில் கிடந்த சாவியை எடுத்து, பழக்கதோஷத்தில், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

ஸ்பீக்கரில் இப்போது மூன்று மூச்சுகள். ஒன்று மட்டும் இரைத்தது.

வெளியே, ஆளில்லாத ஹாலில், பலகையில் அவர் விட்டுவந்த மாற்றுச் சாவி நிதானமாக இரண்டாவது சுற்றுத் திரும்பியது.