இந்தப் பூ இனி யாருக்கும் கிடைக்காது

தங்கையின் இடது காதோரத்தில் முடி கத்தரிக்கப்பட்டிருந்தது. எலி கடித்த மாதிரி தாறுமாறாக அல்ல. தூங்கும்போது கன்னத்தின் மேல் வந்து விழும் அந்த ஒரு கொத்து மட்டும், அடியோடு ஒட்டி, சுத்தமாகப் போயிருந்தது. பல் துலக்கப் போனவள் கண்ணாடி முன்னால் நின்று கத்தினாள்.

“அக்கா! விளையாட்டுக்கு ஒரு அளவு வேணாமா? தூங்குறப்ப வந்து முடிய வெட்டுவியா?”

“நான் எதுக்குடி உன் முடிய வெட்டப் போறேன்?”

“பின்ன, நானே தூக்கத்துல எழுந்து வந்து வெட்டிக்கிட்டேனா?”

“உன்னைச் சொல்ல முடியாது. செஞ்சாலும் செய்வ.”

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய கோபத்துக்கு ஆயுசு அவ்வளவுதான். ஒரு ஹேர்பின்னைக் குத்தி அந்த இடத்தை மறைத்துக்கொண்டு பார்சல் ஒட்டப் போய்விட்டாள். அக்கா மட்டும் தலையணையைத் தூக்கிப் பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், குப்பைக்கூடையைக் கிளறினாள். வெட்டிய முடி எங்கேயும் இல்லை.

படம் பகிரும் குழுவில் அக்காவுக்குப் பூக்காரி என்று பெயர். பூவைத் தவிர வேறு எதன் பக்கமும் கேமராவைத் திருப்ப மாட்டாள் என்று யாரோ கேலியாக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்தச் சின்ன வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். எடுப்பது பூக்காரி, விற்பது தங்கை. ஆஸ்பத்திரி வரவேற்பறைகளுக்கும் ஹோட்டல் நடைகளுக்கும் சட்டம் போட்ட படங்கள் போகும். ஒரு படத்துக்கு ஒரே ஒரு பிரதி. ஒவ்வொன்றையும் வலைப்பக்கத்தில் ஏற்றும்போது தங்கை கீழே ஒரே வரியைத்தான் போடுவாள்: ‘இந்தப் பூ இனி யாருக்கும் கிடைக்காது.’ பூ வாடிவிடும், படம் நிற்கும் என்ற அர்த்தத்தில் எழுதியது அது. வாங்குகிறவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அதை நிஜமாக்கியது பூக்காரி. குழுவில் ஒரு பல் டாக்டர் இருந்தார். பல்லைப் பிடுங்குகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் பூக்காரி போன இடங்களைத் தேடிப் போவதுதான் அவருக்கு வேலை. அவள் மாதக்கணக்கில் அலைந்து கண்டுபிடித்த ஒரு பூவை மறுநாளே போய் எடுத்து, எல்லோருக்கும் சும்மா பகிர்ந்துவிட்டார். அன்றைக்கு அவளுக்கு வயிறு எரிந்தது. அதற்குப் பிறகு படம் எடுத்து முடித்ததும், பூவுக்குக் கீழே, காம்பு தொடங்குகிற இடத்தில், ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வைத்து அழுத்தித் திருகிவிடுவாள். முதல் தடவை கை கூசியது. போகப் போக லென்ஸுக்கு மூடி போடுவது மாதிரி, அதுவும் வேலையோடு வேலையாகிவிட்டது. தங்கைக்கு இது தெரியாது. ஜன்னலோரத் தொட்டியில் ஒரு மொட்டு கருகினால்கூட அரைநாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறவள் அவள்.

கடைசியாக எடுத்தது, கைவிட்டுப்போன கல்குவாரியின் அடியில் தனியாக நின்ற ஒரு வெள்ளைப் பூ. அந்த மாதிரி ஒன்றை அவள் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. எடுத்து முடித்து விரல்களை வைத்தபோது காம்பு வெதுவெதுப்பாக இருந்தது. குவாரிக்குள் வெயில் விழவே இல்லை. சுற்றியிருந்த கல்லெல்லாம் சில்லிட்டுக் கிடந்தது. அந்தக் காம்பு மட்டும், தூங்குகிற பிள்ளையின் காதுமடல் மாதிரி, இளஞ்சூடாக இருந்தது. ஒரு கணம் தயங்கினாள். பல் டாக்டரின் நினைப்பு வந்தது. திருகிவிட்டாள்.

முடி போனது அதற்கு அடுத்த வாரம்.

இரண்டு நாள் கழித்து, விடிந்தும் விடியாத நேரத்தில், தங்கை படுக்கையில் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டாள். அவளுடைய தலையணைக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பூவுக்குப் பின்னால் கிடக்கும் குச்சியும் குப்பையும் படத்தில் தெரியாமல் மறைக்கப் பூக்காரி வைப்பாளே, அதே மாதிரி அட்டை.

“இப்ப பிடிபட்டியா? என்னைத்தானே படம் எடுக்கற?” தங்கைக்கு உள்ளூரச் சந்தோஷம். “முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுதானே. மூஞ்சியாவது கழுவிட்டுப் படுத்திருப்பேன்.”

பூக்காரி தன் அறைக்குப் போய்ப் பையைத் திறந்து பார்த்தாள். அவளுடைய அட்டை மடிப்புக் கலையாமல் அதிலேயே இருந்தது. தங்கையின் கட்டிலில் இருந்ததை எடுத்து, சுக்குநூறாகக் கிழித்து, தெருமுனைத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். வரும் வழியில்தான் அது உறைத்தது.

அவள் வேலை செய்கிற முறை அது. முதலில் பூவின் மேல் விழுகிற இலையையும் நாரையும் கத்தரிப்பாள். பிறகு பின்னால் அட்டையை வைப்பாள். பிறகு காற்று நிற்கட்டும் என்று காத்திருப்பாள். கடைசியாக, தண்ணீரில் கிளிசரின் கலந்து, வழியாமல் நிற்கும்படி பனித்துளி மாதிரி தெளிப்பாள். அப்புறம் படம்.

படத்துக்கு அப்புறம் செய்வதை அவள் நினைக்க விரும்பவில்லை. ஆனால் அவளுடைய இரண்டு விரல்களும் தாமாகவே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.

அன்றிலிருந்து தங்கையின் அறையிலேயே பாயைப் போட்டுப் படுத்தாள். பழைய மின்விசிறி ஒன்று தலைக்கு மேல் கிரீச் கிரீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை இத்தனை வருஷம் திட்டித் தீர்த்தவளுக்கு இப்போது அதைக் கேட்டால்தான் மூச்சு வந்தது, ஏனென்றால் அது சுற்றுகிறவரை திரைச்சீலை ஆடும், தங்கையின் நெற்றியில் முடி பறக்கும், எதுவும் அசையாமல் நிற்காது. அறையில் பசை நாடாவின் வாசனையும் புதிதாக அச்சிட்ட தாளின் வாசனையும் எப்போதும் இருக்கும். இப்போது அதற்குள் இன்னொன்று இழையோடியது. ஈரக் கல்லின் வாசனை.

ஒரு விடியலில் கிரீச் சத்தம் நின்றது. பூக்காரி கண்ணைத் திறந்தாள். மின்சாரம் இருந்தது, கூடத்து விளக்கு எரிந்தது. சுவிட்ச் மட்டும் அணைக்கப்பட்டிருந்தது. மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி, ஓய்ந்து, அசையாமல் நின்றது. திரைச்சீலை நின்றது. தங்கையின் நெற்றி முடி நின்றது. பிறகு ஜன்னல் வழியாக வெயில் சுள்ளென்று கட்டிலில் விழுந்தது. யாரோ சலித்துக்கொண்டு விலகியது மாதிரி, ஈரக் கல்லின் வாசனை அறையை விட்டுப் போனது.

அவளுக்குப் புரிந்தது. வெயிலில் அவளும் பூவை எடுக்க மாட்டாள். வெளிச்சம் இதழைச் சுட்டு வெளுக்க வைத்துவிடும். மேகம் மூடிய காலைதான் வேண்டும், அதுவரை பொறுமையாகக் காத்திருப்பாள். இதுவும் காத்திருக்கிறது.

பயம் என்றால் இதுவரை அவளுக்கு ஒரு வார்த்தைதான். இப்போது அது சோற்றுக் கவளத்தில் இருந்தது, குளிக்கும் தண்ணீரில் இருந்தது. நாள் முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் வானிலையைத் திறந்து திறந்து பார்த்தாள். நாளைக்கு நல்ல வெயில் என்று போட்டிருந்தது.

“நாம ரெண்டு பேரும் எங்கயாவது போயிடலாம்டி,” என்றாள் சாயங்காலம். “இன்னிக்கே.”

“இன்னிக்கா? நாளைக்குக் காலைல கூரியர் ஆள் வர்றான். ஆஸ்பத்திரி ஆர்டர் மொத்தமும் அனுப்பணும். மத்தியானம் கெளம்பலாமே.” தங்கை கையிலிருந்த நாடாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். “என்னக்கா ஆச்சு? ஒரு வாரமா பேயறைஞ்ச மாதிரி இருக்க. எங்கிட்ட சொல்லக் கூடாதா?”

சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் முடியைச் சொன்னால் அட்டையைச் சொல்ல வேண்டும், அட்டையைச் சொன்னால் குவாரியைச் சொல்ல வேண்டும், குவாரியைச் சொன்னால் அந்த இரண்டு விரல்களைச் சொல்ல வேண்டும். தங்கைக்குப் பின்னால் சுவரில் சட்டம் போட்ட பூக்கள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. அதில் ஒன்றுகூட இப்போது உயிரோடு இல்லை. ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாள் தங்கை.

“ஒண்ணுமில்லடி. தூக்கம் சரியில்ல.”

“அப்ப மத்தியானம் கண்டிப்பா போறோம். நீ சொல்ற இடத்துக்கே போறோம். சரியா?”

“சரி.”

வெயில் என்றுதானே போட்டிருந்தது. ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி.

எல்லா விளக்கையும் போட்டாள். ஜன்னல் திரையை இழுத்து மூடி, ஓரங்களில் தங்கையின் பார்சல் நாடாவையே ஒட்டினாள். ஸ்பிரேயரில் இருந்த கிளிசரின் தண்ணீரைக் கழுவும் தொட்டியில் கொட்டினாள். கட்டிலை ஒட்டி நாற்காலியைப் போட்டு, தங்கையின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்தாள். “இப்படி முறைச்சுப் பாத்தா எனக்கு எப்படிக்கா தூக்கம் வரும்?” என்று முனகிய தங்கை, அடுத்த நிமிஷமே தூங்கிப்போனாள். மின்விசிறி சுற்றியது. கிரீச். கிரீச். நெற்றி முடி பறந்தது. பறக்கட்டும். ஆடிக்கொண்டே இரு, வாலு. அசையாமல் மட்டும் இருந்துவிடாதே.

கிரீச். கிரீச்.

டிங்.

போன் மடியில் அதிர்ந்தது. டிங். டிங். டிங். தூங்கிவிட்டோம் என்பதே அதற்குப் பிறகுதான் தெரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். அவர்களுடைய வலைப்பக்கத்தில் புதிதாக ஒரு படம் ஏறியிருந்தது.

கறுப்புப் பின்னணியில் ஒரு முகம். கண்மூடித் தூங்கும் முகம். காதோரம் சுத்தமாக, ஒரு முடிகூடக் கன்னத்தில் விழாமல். நெற்றியிலும் இமையிலும் உதட்டின் மேலும் நுண்ணிய பனித்துளிகள், ஒன்றுகூட வழியாமல் நின்றன. நிழலே இல்லாத மெத்தென்ற வெளிச்சம். இமைமுடியின் நுனியில் கூர்மை. அவள் வாழ்நாளில் இப்படி ஒரு படம் எடுத்ததில்லை. பாவி மனசு முதலில் பொறாமைதான் பட்டது. அதற்கு அப்புறம்தான் அது தங்கை என்று தெரிந்தது.

கீழே அந்த வரி. ‘இந்தப் பூ இனி யாருக்கும் கிடைக்காது.’

டிங். இதயங்கள் ஏறிக்கொண்டே இருந்தன. டிங். பல் டாக்டர் எழுதியிருந்தார்: ‘அற்புதம்! இது எந்த இடம்? சொன்னால் நானும் போவேன்.’

கிரீச் சத்தம் இல்லை.

நிமிர்ந்தாள். கட்டில் தெரியவில்லை. தங்கை தெரியவில்லை. மூக்குக்கு ஒரு சாண் முன்னால் கறுப்பு. ஒரு கதவளவுக்குக் கறுப்பு அட்டை, அவளுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றது. படத்தில் விழாமல் மறைக்க வேண்டிய குப்பை அவள்தான்.

அட்டையைப் பிடித்து விலக்கினாள்.

திரை திறந்திருந்தது. நாடா நேராக உரிக்கப்பட்டு, அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. வெளியே வானம் முழுக்க மேகம். அறை முழுக்கச் சாம்பல் வெளிச்சம், ஈரக் கல்லின் வாசனை. தங்கை மல்லாந்து படுத்திருந்தாள். முகமெல்லாம் துளி. மார்பு ஏறி இறங்கியது. மூச்சு இருந்தது. இருந்தது. கடவுளே, இருந்தது.

தங்கையின் புருவம் லேசாகச் சுருங்கியது. கண்ணைத் திறக்காமலே, தூக்கக் கலக்கத்தில் சிரித்தாள்.

“கழுத்துலேர்ந்து கைய எடுக்கா… கூசுது.”

பூக்காரியின் ஒரு கையில் போன் இருந்தது. மறு கையில் அட்டை இருந்தது.

தங்கையின் தாடைக்குக் கீழே, கழுத்து தொடங்குகிற இடத்தில், இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக, தோலில் இரண்டு குழிகள் மெல்ல அமுங்கத் தொடங்கின.