ஃப்ரீசரில் வைத்த ஹார்டு டிஸ்க்

மின்சாரமே கொடுக்காத ஹார்டு டிஸ்க் சத்தம் போடாது. லோர்னாவுக்கும் அது தெரியும். ஆனாலும் நிலவறையில் இருந்த பெரிய ஃப்ரீசருக்குள்ளிருந்து கேட்டது. டக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், டக்.

மான்கறிப் பொட்டலங்களுக்கு நடுவே, பிளாஸ்டிக் பையில் சுற்றி, நேற்று அவளேதான் அதை வைத்தாள். அவள் கணவன் அர்வோவின் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அந்த ஒரு டிஸ்கில்தான். போன குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் மீன் பிடிக்கப் போனவன், காலடியில் பனி உடைந்து தண்ணீருக்குள் போய்விட்டான். வெளியே எடுத்தபோது விரல் முட்டிகளில் தோலே இல்லை. அடியிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான்.

அர்வோவின் அண்ணன் டெல்லுக்குப் போன் செய்தாள். ஃப்ரீசர் யோசனை அவனுடையதுதான்.

"புதுசுன்னு நம்பி என் கஞ்சத் தம்பி வாங்கினது, ஏதோ ஆபீஸ்ல வருஷக்கணக்கா ஓடித் தேஞ்ச டிஸ்கு. ரெண்டா வாங்குடா, வேற வேற கம்பெனியா வாங்கு, ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டானா?"

"டெல், அது உள்ள தட்டுது."

"குளிர்ல இரும்பு சுருங்குற சத்தம்மா. பயப்படாத. செத்த டிஸ்கு குளிர்ந்தா சில சமயம் ஒரே ஒரு தடவை உசிர் வரும். சட்டுனு எல்லாத்தையும் வேற டிஸ்குக்குக் காப்பி எடுத்துடு."

டெல் சொன்னபடி வெவ்வேறு கம்பெனியில் வாங்கிய இரண்டு புது டிஸ்குகளையும் சமையலறை மேஜையில் இருந்த லேப்டாப்பில் மாட்டிவிட்டு, பழையதையும் ஃப்ரீசரிலிருந்து எடுத்து வந்து அதில் செருகினாள். வெளியே நாலு மணிக்கே இருட்டிப் பனி கொட்டிக்கொண்டிருக்க, உறைந்த கறியின் வாடையும் ஈர இரும்பின் வாடையும் அறை முழுக்கப் பரவ, பழைய டிஸ்க் முனகிக்கொண்டு சுழல ஆரம்பித்தது. ஃபைல்கள் புது டிஸ்குகளுக்குக் காப்பியாகத் தொடங்கின. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பொறுக்க முடியாமல் ஒரு வீடியோவைத் திறந்தாள். கோடையில் எடுத்தது. பனியனோடு மீன் வறுக்கும் அர்வோ, "கேமராவ வச்சுட்டுத் தட்ட எடுடி" என்று சிரிப்பான். அவளுக்கு மனப்பாடம்.

இன்று சிரிக்கவில்லை. வாயிலிருந்து ஆவி வந்தது. தாடியில் உறைபனி. திரும்பினான். அவளைத்தான் பார்த்தான்.

"திரும்பவும் ஏன்டி என்னைக் குளிர்ல போட்ட?"

ஒயர்களைப் பிடுங்கினாள். எல்லாவற்றையும். பழைய டிஸ்க் நின்றுபோனது.

புதுசு இரண்டும் தட்டின. ஒன்றாக. டக். டக்.

கீழே, ஃப்ரீசரிலும்.

ஆனாலும் நிலவறைக்கு இறங்கினாள். குளிரில் கிடக்கிறானே. அவனை அப்படியே விட்டுவிட அவளால் முடியவில்லை. மூடியைத் தூக்கினாள்.

மான்கறியைக் காணோம். விளிம்புவரை கண்ணாடிபோலப் பனி. அதற்கடியில், தோலில்லாத விரல் முட்டிகள் தட்டிக்கொண்டிருந்தன.