சிட்டு ஓடிப் பார்த்த துறைமுகம்

அக்காவின் மேசையில் ஒரு துறைமுகம் இருந்தது. எல்லாம் அட்டையும் பசையும்தான். அக்கா கல்லூரியில் கட்டடக் கலை படிக்கிறாள். போன வருடம் கடல் பொங்கி வந்து நொறுக்கிய துறைமுகத்தை எப்படித் திரும்பக் கட்டலாம் என்று ஆளுக்கொரு மாதிரி வடிவம் செய்து வரச் சொல்லியிருந்தார்கள். இன்று காலை அதற்குத் தேர்வு.

"தும்மல் வந்தாகூட அடுத்த ரூமுக்குப் போய்த் தும்மு!" இது தங்கை சிட்டுவுக்கு அக்கா போட்டிருந்த உத்தரவு.

சிட்டு தும்மவில்லை. அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து, அதைவிடப் பெரிய காரியம் ஒன்றைச் செய்துவிட்டாள்.

"அம்மா! என் ஆளுங்களைக் காணோம்!"

அக்கா போட்ட சத்தத்தில் வீடே கிடுகிடுத்தது. படகுத்துறையில் ஒட்டியிருந்த அரிசி அளவு காகித மனிதர்களில் ஒருவர்கூட இல்லை.

சிட்டு கதவுக்குப் பின்னாலிருந்து வந்து உள்ளங்கையை விரித்தாள். அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்.

"நீயா? ஏண்டி இப்படிப் பண்ணின?"

"அங்க நின்னா மாட்டிக்குவாங்கக்கா. தண்ணி வந்தா எங்க ஓடுவாங்க?"

"காகித ஆளுங்கடி! எங்கேயாவது ஓடுவாங்க. வேணும்னா நீயே ஓடிப் பாரு!"

சிட்டு இரண்டு விரல்களைக் கால்களாக்கிப் படகுத்துறையில் வைத்தாள். கடல் பொங்கிய அன்று அவள் அங்கேதான் இருந்தாள். கிரேன் ஓட்டும் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தாள். அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எந்தப் பக்கம் திரும்பினாலும் கிடங்குச் சுவர். கடைசியில்தான் ஒரு சந்து கிடைத்தது. பின்னாலேயே தண்ணீர் இரைந்துகொண்டு வந்த சத்தம் இன்னும் அவள் காதைவிட்டுப் போகவில்லை.

விரல்கள் ஓடின. அக்கா ஆசை ஆசையாகச் செய்த நீளக் கிடங்கில் முட்டி நின்றன. இடப்பக்கம் ஓடின. அங்கே மதில். வலப்பக்கம் ஓடின. அங்கே கடலே வந்துவிட்டது.

"வழியே இல்லக்கா," என்று அழுதுவிட்டாள் சிட்டு.

அக்கா தானும் விரல்களை வைத்து ஓடிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது. சட்டென்று கத்தியை எடுத்தாள்.

"ஐயோ, என்னடி பண்ற? நேரமாச்சு!" என்று அம்மா பதறினாள்.

அக்கா கிடங்கை நடுவில் வெட்டிப் பிரித்தாள். பின்னாலிருந்த குன்றுவரை நேராக ஒரு பாதை திறந்தது. சிட்டு ஆட்களைத் திரும்ப ஒட்டினாள். பசை காயாத துறைமுகத்தைத் தூக்கிக்கொண்டு அக்காவும் தங்கையும் ஓடினார்கள்.

கல்லூரியில் தேர்வாளர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இவ்வளவு அழகான கட்டடத்தை ஏம்மா ரெண்டாக்கின? அதுவும் கோணலா?"

"என் தங்கச்சி ஓடிப் பார்த்தா சார். வழி இல்லைன்னு அழுதுட்டா."

"அப்படியா? எங்க, இப்ப ஓடு பார்க்கலாம்."

எல்லோரும் சிட்டுவைப் பார்த்தார்கள். அவள் விரல்களைப் படகுத்துறையில் வைத்தாள். விரல்கள் ஓடின, எங்கும் முட்டாமல் குன்றில் ஏறி நின்றன.

"சரி, கையில குழந்தை இருந்தா? வேகமா ஓட முடியாதே?"

"எங்கப்பாவும் என்னைத் தூக்கிட்டுத்தான் ஓடினாரு சார். வழி தேடித்தான் நேரம் போச்சு. இங்க தேடவே வேணாம். நிக்கிற இடத்துலேருந்தே குன்று தெரியுது."

தேர்வாளர் குனிந்து, காகித மனிதர்களின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து பார்த்தார்.

"ஆமா, தெரியுது," என்றார்.

கடல் பொங்கிய நாள் முதல் சிட்டு செருப்போடுதான் படுப்பாள். எந்த நேரமும் ஓட வேண்டி வரலாமே! அன்று அதைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுத் தூங்கினாள்.