கோயிலுக்கு வழி விடுங்கோ

காலை ஏழேகால் மணிக்கு லவினியா போட்ட கூச்சலில், முகம் வழித்துக்கொண்டிருந்த அப்பா பாதி முகம் நுரையோடு ஓடி வந்தார்.

“என்ன பிள்ளை? விழுந்திட்டியோ?”

“அப்பா, கோயில் கதவால போகாது!”

கோயில் என்றால் அட்டைக் கோயில். ஹனோவரில் நாலாம் வகுப்புப் படிக்கும் லவினியா, தன் அறையில் இரண்டு வாரமாகப் பாடுபட்டுக் கட்டியது. இன்று முதல் பாடத்தில் அதைக் காட்டி வகுப்பின் முன்னால் பேச வேண்டும். எட்டு மணிக்கு மணி அடித்துவிடும்.

அவள் பேசப்போவது சுவீடனில் இருக்கும் கிருனா என்ற சுரங்க நகரத்தைப் பற்றி. நூறு வருஷத்துக்கு மேலாக இரும்புத் தாது தோண்டித் தோண்டி, அங்கே ஊருக்கடியில் நிலம் வெடிக்கத் தொடங்கிவிட்டது. அதனால் ஊரையே நகர்த்துகிறார்கள்! 1912இல் கட்டிய பெரிய சிவப்பு மரக் கிறிஸ்தவக் கோயிலை இடிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. 2025ஆம் ஆண்டு அதை அப்படியே தூக்கி, சக்கரங்களில் ஏற்றி, இரண்டு நாளில் ஐந்து கிலோமீட்டர் கொண்டுபோய் வைத்தார்கள்.

இதை முதன்முதலில் கேட்டபோது அப்பா திகைத்துப்போனார்.

“முழுக் கோயிலையுமோ?”

“ஓம் அப்பா. உள்ளுக்க பாட்டுக்கு வாசிக்கிற ஓர்கனையும் சேர்த்துத்தான்.”

“நாங்கள் சண்டை நேரம் மன்னாரில இருந்து வெளிக்கிடேக்க ஒரு பைதான் தூக்கினனாங்கள். கோயிலைத் திரும்பிப் பார்க்கவும் நேரமில்லை” என்றார் அப்பா.

மறுநாளே, அட்டைக் கோயிலை மேலே கட்டித் தூக்கிப்போக எங்கேயோ தேடி ஒரு பலகை கொண்டுவந்தார்.

“உன்ரை அறைக் கதவு எவ்வளவு அகலம்?” என்று சமையலறையிலிருந்து கேட்டார்.

லவினியா கையை வைத்து அளந்தாள். “இரண்டு முழம், கொஞ்சம் கூட!”

அப்பா தன் கையை வைத்து, சரியாக இரண்டு முழத்தில் பலகையை வெட்டினார். யாருடைய முழம் என்று இருவருமே யோசிக்கவில்லை. மேசை லாச்சியில் கோடு போட்டு அளக்கிற அடிமட்டம் இரண்டு சும்மா கிடந்தன.

இப்போது பலகை வாசலைவிட இரண்டு விரல் அகலம்!

“சரிச்சு எடுத்துப் பாப்பம்” என்று அப்பா ஒரு பக்கத்தைத் தூக்கினார். மணிக்கோபுரம் மெல்லச் சாய்ந்தது. அப்பா காய்ச்சிக் கொடுத்த கோதுமை மாப் பசை இன்னும் காயவில்லை.

“ஐயோ, வையுங்கோ அப்பா!”

“அப்ப கரையை வெட்டுவம். இரண்டு விரல்தானே?” அப்பா மரம் அறுக்கும் வாளை எடுத்தார்.

“இந்தக் கரையில கோயில் சுவர். அந்தக் கரையில மணிக்கோபுரம். எதை வெட்டப்போறீங்கள்?”

லவினியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கோயிலைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். திறந்து நின்ற கதவு வாசலில் கொஞ்ச இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“அப்பா, கிருனாவில ஆரும் கோயிலை வெட்டேல்லை. றோட்டைத்தான் அகலமாக்கினவை. வழியில நிண்ட ஒரு பாலத்தைக்கூட இடிச்சவை.”

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சுவரை இடிக்கச் சொல்லுறியோ? பிள்ளை, இது வாடகை வீடு!”

“சுவர் வேண்டாம். கதவைக் கழட்டுவம்!”

அப்பா வாளைக் கீழே வைத்தார். பிறகு கதவைப் பிடித்து மேலே தூக்கினார். அது பிணைச்சலிலிருந்து சுலபமாகக் கழன்று வந்தது. வைக்க இடமில்லாமல் அதைக் கட்டிலில் படுக்கப் போட்டார்.

கோயில் வாசலை உரசிக்கொண்டு வெளியே வந்தது. வீட்டின் வெளிக்கதவு அகலமானது. பள்ளிக்கூடமும் இரண்டு தெரு தள்ளித்தான். ஆளுக்கொரு பக்கம் பிடித்து அடிமேல் அடி வைத்து நடந்தார்கள். பாதசாரிக் கடவையில் பஸ்ஸை நிறுத்திய சாரதி வாயைப் பிளந்து பார்த்தார். அவர் பார்த்தது கோயிலையா, அப்பாவின் பாதி முகத்து நுரையையா என்று தெரியவில்லை.

எட்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் கோயில் வகுப்புக்குள் போனது. லவினியா பேசி முடித்ததும் இருபத்துமூன்று பிள்ளைகளும் ஒரேயடியாகக் கேட்டார்கள்: “உண்மையாவே ஊரை நகர்த்தினவையோ?” கோயிலை வெள்ளிக்கிழமை வரை வகுப்பிலேயே வைத்திருக்கச் சொன்னார் ஆசிரியை.

அப்பா வீட்டுக்குத் திரும்புமுன்பே அம்மாவின் தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது. அம்மா முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார்.

“இஞ்சருங்கோ! பிள்ளையின்ரை கட்டில்ல ஏன் கதவு படுத்திருக்கு?”

பின்னேரம் அம்மா சொன்னார், “சரி, போதும். இனிக் கதவைத் திரும்பப் பிணைச்சல்ல பூட்டி விடுங்கோ.”

அப்பா கதவைத் தூக்கினார். வாசல்வரை கொண்டுபோனார். பிறகு அதைத் திருப்பிக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்தார்.

“இல்லை, கிடக்கட்டும்” என்றார். “வெள்ளிக்கிழமை எங்கட கோயில் திரும்பி வருது.”