அம்பில்லாத கல்

செவ்வாய்க் கிரகத்தில் கல் பார்க்காமல் யாரும் சம்பந்தம் பேசுவதில்லை. முன்னோர் பூமியிலிருந்து சுமந்துவந்த கல் கூடத்தில் இருந்தால்தான் அது கௌரவமான வீடு. ஆவுடையப்பன் வீட்டுக் கல்லுக்குத் தினமும் சந்தனம் உண்டு. மகள் மாதரசிக்கு வந்த இரண்டு வரன்களை, கல் சரியில்லை என்று அவர் திருப்பி அனுப்பியிருந்தார்.

மூன்றாவதாக வந்தவர் மாசிலாமணி. அவர் மகனை மாதரசிக்கு மிகவும் பிடித்திருந்தது.

"உங்க கல்லையும் பார்த்திடுவோமே, அண்ணாச்சி," என்றார் மாசிலாமணி.

"தாராளமா. எங்க பூட்டன் மடியில வச்சுக் கொண்டுவந்த கல்."

கல் பார்க்கும் நாச்சியார் இரண்டு கல்லிலும் மெல்லிய துண்டு அறுத்து ஒளிக்காந்தநோக்கியில் வைத்தாள். மேலே ஒரு வைரத் தகடு. பச்சை ஒளி பட்டால் வைரம் சிவப்பாக ஒளிரும். கல்லில் காந்தம் உள்ள இடத்தில் அந்தச் சிவப்பு மாறும். அதைப் பார்த்துக் கருவி அம்புகள் வரையும். உருகிய பாறை ஆறும்போது அந்த இடத்துக் காந்தப்புலம் அதற்குள் பதிந்துவிடும். பூமிக்குப் புலம் உண்டு. செவ்வாய் தன் புலத்தை எப்போதோ இழந்துவிட்டது.

மாசிலாமணியின் கல்லில் அம்புகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன. ஆவுடையப்பனின் கல்லில் ஒன்றுமே இல்லை.

"இது இங்கத்த எரிமலைக் கல்லுங்க, ஐயா," என்றாள் நாச்சியார், தயங்கி.

"இதுக்கா ரெண்டு வரனைத் திருப்பினீங்க?" மாசிலாமணியின் மனைவி சிரிப்பை அடக்கவில்லை.

மாதரசி அப்பாவையே பார்த்தாள். கருவி பொய் என்று சொன்னால் பேச்சு முறியும். தலை குனிந்தால் வீட்டு மானம் போகும்.

ஆவுடையப்பன் முதுகை நிமிர்த்தினார். "பூமிக் கல்லோட வந்தவங்க, திரும்பிப் போற நினைப்போட வந்தவங்க. எங்க பூட்டன் வாழ வந்தவர். இறங்கின அன்னைக்கே இந்த மண்ணோட கல்லை எடுத்து வீட்டுல வச்சார்."

"மடியில கொண்டுவந்தார்னீங்களே?" மாசிலாமணி விடவில்லை.

"ஆமா. விண்கப்பல் வாசல்லருந்து வீடு வரைக்கும்."

மாசிலாமணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "தட்டை மாத்துங்கப்பா! இந்த வாயை எதிர்ப்பக்கம் விட்டா நமக்குத்தான் ஆபத்து."

கல்யாணம் சிறப்பாக நடந்தது. ஆவுடையப்பனின் பேச்சு பந்தி பந்தியாகப் பரவியது. அடுத்த குளிர்காலத்துக்குள் அம்பில்லாத கல்தான் பெருமை என்றாகிவிட்டது.

ஒரு நாள் மாசிலாமணி, துணியில் சுற்றிய கல்லோடு நாச்சியாரிடம் வந்தார்.

"ஏம்மா, இதை நல்லாச் சுட்டு இங்கேயே ஆறவிட்டா அம்பெல்லாம் அழிஞ்சிடுமாமே?"

"அழியும். ஆனா சூளையில இடமில்லையே, ஐயா."

அவர் எட்டிப் பார்த்தார். கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பூமியின் வடக்கை மறக்காமலிருந்த கற்கள் தணலில் அடுக்கடுக்காகச் சிவந்துகொண்டிருந்தன.

"என்னுதை ஓரமா வச்சுக்கோயேன்," என்றார்.